சொல் குடியிருக்கும் இடம்

பத்தாம் ஆண்டு விழாவில் மூளையின் அமைப்பைப் பற்றியும், மனிதனின் நடத்தைக்கு அது எவ்வாறு அடிப்படையாகின்றது என்பதைப் பற்றியும் பேச வேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது தயங்கினேன். மருத்துவ மாணவர்களுக்கு முப்பது ஆண்டுக் காலம் உடற்கூற்றியல் கற்பித்தவன் நான் என்பது உண்மையே. ஆயினும் இந்த வட்டத்திற்கு நான் வரத் தொடங்கியது அந்தத் தொழிலைச் சற்று மறந்திருப்பதற்காகத்தான். கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் பிணவறை வாசம் வீசக் கூடாதே என்ற அச்சமும் இருந்தது. பின்னர் இசைந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வட்டத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி மூன்று ஆண்டுகளாக நாம் தனித்தனியே பேசிக்கொள்கிறோமே தவிர, அவையில் ஒருமுறையும் பேசவில்லை. அதைப் பேச இதைவிடப் பொருத்தமான நாள் எனக்கு வாய்க்காது. அதற்கு முன், மூளை என்னும் பொருளைச் சற்றுக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,350 கிராம் எடை உடையது. புதிதாக எடுத்த மூளை, நுங்கைவிடச் சற்றே இறுகிய பதத்தில் இருக்கும். மாணவர்கள் முதல் நாளில் கண்டு வியப்பது இதைத்தான். இத்தனை ஆரவாரம் செய்யும் மனிதனின் தலைமை அலுவலகம் விரல் பட்டால் குழிகின்றதே என்பார்கள். உடல் எடையில் இது ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் நாம் சும்மா அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை இதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை. குருதி ஓடிக்கொண்டிருக்கும் வரையில்தான் அதன் வாழ்க்கை. இந்தச் செய்தியைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

இதன் பகுதிகளுக்குப் பெயர் சூட்டியவர்களைப் பற்றிக் கவிஞர்களாகிய உங்களிடம் ஒரு சொல் சொல்லாமல் போக முடியாது. இன்ன பகுதி இன்ன வேலை செய்கிறது என்று அறியாத காலத்தில் அவர்கள் மூளையை அறுத்துப் பார்த்தார்கள்; கண்ணுக்கு எது தோன்றிற்றோ அதையே பெயராக்கினார்கள். பெருமூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சாம்பல் நிறப் படலத்துக்குக் கார்டெக்ஸ் என்று பெயர். இலத்தீன் மொழியில் மரப்பட்டை என்பது பொருள். நினைவுகள் உருவாக இன்றியமையாத ஹிப்போகாம்பஸ், கடற்குதிரை. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டாலா, பாதாம் பருப்பு. புலன்கள் அனுப்பும் செய்திகள் வந்து தங்கிச் செல்லும் தாலமஸ், கிரேக்க மொழியில் வீட்டின் உள்ளறை, மணவறை. மூளையைச் சுற்றியுள்ள உறைகள் மூன்றினுள் வெளியுறையின் பெயர் ‘கடினமான தாய்’, உள்ளுறையின் பெயர் ‘மென்மையான தாய்’. அரபு மருத்துவர்களின் வழக்கு இலத்தீனுக்குப் போய் நிலைத்தது. இடையில் உள்ளது சிலந்தி வலை. சிறுமூளையைக் குறுக்கே அறுத்தால் கிளைவிட்ட மரம் ஒன்று வெண்மையாய்த் தெரியும். அதற்கு ‘உயிர் மரம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாற்பது பெயர்களை உருப்போட்டு வரும்படி மாணவர்களிடம் சொன்ன காலத்தில் இவை உருவகங்கள் என்பது எனக்கே உறைக்கவில்லை. இந்த வட்டத்திற்கு வந்த பின்புதான் உறைத்தது.

அடியிலிருந்து மேலே செல்வோம். தண்டுவடம் தலைக்குள் நுழையும் இடத்தில் தடித்து மூளைத்தண்டாகிறது. மூச்சு, இதயத் துடிப்பு, விழிப்பு ஆகியவை இதன் பொறுப்பு. அதன் பின்புறத்தில் சிறுமூளை. எடையில் மொத்த மூளையின் பத்தில் ஒரு பங்கே ஆன இது, நரம்பணுக்களின் எண்ணிக்கையில் மற்றெல்லாவற்றையும் விஞ்சி நிற்கிறது. மனித மூளையின் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி என்று 2009ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள். அவற்றுள் 6,900 கோடி இந்தச் சிறுமூளையில்தான் இருக்கின்றன. நாம் பெருமையாகப் பேசும் பெருமூளைப் புறணியில் இருப்பவை 1,600 கோடி. அந்தப் புறணியின் கனம் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர். மடிப்புகளை நீவி விரித்தால் நாளிதழின் ஒரு முழுப்பக்கம் அளவுக்கு வரும். நெற்றி மடல், உச்சி மடல், பொட்டு மடல், பிடரி மடல் எனப் பக்கத்திற்கு நான்கு மடல்கள். தாலமஸ் என்ற மணவறையில் இளைப்பாறாமலே புறணிக்குச் செல்லும் உரிமை பெற்ற புலன் ஒன்றே ஒன்று, அது மணம். தாழம்பூவின் வாசனை நாற்பதாண்டுப் பழைய வீட்டைத் திறந்துவிடுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு, அந்தக் குறுக்குவழியைக் காட்டலாம். விடையின் ஒரு பகுதியாவது அதில் இருக்கிறது.

நடத்தை என்று சொன்னால் உடனே எல்லோரும் எடுத்துக்காட்டும் மனிதர் பீனியாஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்குப் பாறை தகர்த்துக்கொண்டிருந்தபோது, மூன்றரை அடிக்கும் அதிகமான நீளமுள்ள இரும்புக் கடப்பாரை ஒன்று அவருடைய இடக் கன்னத்தின் வழியே புகுந்து உச்சி மண்டை வழியே வெளியேறியது. இருபத்தைந்து வயது இளைஞர் அவர், பிழைத்துக்கொண்டார். நெற்றி மடல் சிதைந்த பின் பொறுமையும் நிதானமும் போயின, அவர் பழைய கேஜ் அல்லர் என்று நண்பர்கள் சொன்னதாக மருத்துவர் ஹார்லோ 1868இல் எழுதினார். பாடநூல்கள் கதையை அதோடு நிறுத்திவிடும். நானும் வகுப்பில் அப்படித்தான் நிறுத்தினேன். ஆனால் அதே கேஜ் பின்னர் சிலி நாட்டுக்குச் சென்று, பல ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயண வண்டியை ஓட்டிப் பிழைத்திருக்கிறார். பொறுமையற்ற மனிதனிடம் அந்தக் கடிவாளத்தை எவரும் கொடுத்திருக்க மாட்டார்கள். உடைந்த மூளை உடைந்தபடியே நின்றுவிடும் என்று நாம் அவசரப்பட்டு எழுதிவிடுகிறோம்.

இலக்கணம் கற்றவர்கள் இருக்கும் அவை என்பதால் இன்னொரு செய்தியையும் தொட்டுச் செல்ல விரும்புகிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன் நான்கு எனக் காட்டுவார். உணர்வுக்கு ‘மெய்ப்பாடு’ என்ற பெயர் வைத்ததையே எண்ணிப் பாருங்கள். மெய்யில் படுவது, உடம்பில் தோன்றுவது. உடல் நடுங்குவதை உணர்வதுதான் அச்சம், அச்சத்தின் விளைவு அன்று நடுக்கம் என்று வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதியபோது மேலைநாட்டார் அதிர்ந்தார்கள். நம்மவர் அதிர்ந்திருக்க வேண்டியதில்லை. அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு நிலைக்களன்கள் தெய்வமும் பேயும் போன்ற அணங்கு, விலங்கு, கள்வர், அரசன்.

அமெரிக்காவில் ஒரு பெண்மணி. ஆய்வேடுகள் அவரை எஸ்.எம். என்ற இரண்டெழுத்தால் மட்டுமே குறிக்கின்றன. அரிய நோய் ஒன்றினால் அவருடைய இரு பக்கத்துப் பாதாம் பருப்புகளும், அதாவது அமிக்டாலாக்களும் அழிந்துவிட்டன. 2011இல் வெளியான ஆய்வில் அவரைப் பாம்புகள் விற்கும் கடைக்கு அழைத்துச் சென்றார்கள். பாம்பு பிடிக்காது என்று சொல்லிவந்தவர் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். பேய் உலவுவதாகக் காட்சி அமைத்த மாளிகைக்கு அழைத்துச் சென்றார்கள். முன்னால் நடந்தார், சிரித்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பூங்கா ஒன்றில் ஒருவன் அவர் கழுத்தில் கத்தி வைத்து மிரட்டியபோது அமைதியாக நடந்து வந்திருக்கிறார். மறுநாள் அதே பூங்கா வழியே போயிருக்கிறார். விலங்கு, அணங்கு, கள்வர். மூன்றும் ஆயிற்று. அரசனை மட்டும் அவர்கள் சோதிக்கவில்லை. சோதனைக்கு அரசன் கிடைக்கவில்லை போலும்! ஆனால் கதை அங்கு முடியவில்லை. 2013இல் அவரையும் அதே குறை உள்ள வேறு இருவரையும் கரியமில வாயு மிகுந்த காற்றை முகர வைத்தபோது மூவரும் பேரச்சத்தில் துடித்தார்கள். புறத்தேயிருந்து வரும் அச்சத்துக்குப் பாதாம் பருப்பு வேண்டும். மூச்சு முட்டும்போது உள்ளிருந்து எழும் அச்சத்துக்கு அது வேண்டியதில்லை. ஓர் உணர்வுக்கு ஒரு பெட்டி என்று மூளையைப் பிரித்து வைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

1861 ஏப்ரலில் பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ரு மருத்துவமனையில், காலில் கடுமையான சீழ்ப்புண்ணோடு லெபோர்ஞ் என்ற 51 வயது நோயாளி அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் வந்து சேர்ந்தார். பல ஆண்டுகளாக அவர் எதைக் கேட்டாலும் ‘தான், தான்’ என்று மட்டுமே விடையிறுத்து வந்தார். ஊழியர்கள் அவரை அழைத்ததே தான் என்ற பெயரால்தான். மருத்துவமனைக்கு வந்து எத்தனை ஆண்டாயிற்று என்று புரோக்கா கேட்டார். லெபோர்ஞ் இடக்கையை நான்கு முறை விரித்து, பிறகு ஒரு விரலை நீட்டிக் காட்டினார். இருபத்தொன்று; கணக்குச் சரி. மறுநாள் அதே கேள்வி, அதே விடை. மூன்றாம் முறை கேட்டபோது, தம்மைச் சோதிக்கிறார்கள் என்பதை அவர் புரிந்துகொண்டார். கோபத்தில் கடவுள் பெயரை இழுத்து ஒரு வசைமொழி உரக்க வந்தது. ‘தான்’ அல்லாத முழுத் தொடர் அது!

சில நாட்களில் லெபோர்ஞ் இறந்தார். மூளையைத் திறந்தபோது இடப்பக்க நெற்றி மடலின் கீழ்ப்புறம் சிதைந்திருந்தது. புரோக்கா பகுதி என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. அந்த மூளையை வெட்டாமல் அப்படியே பாதுகாத்து வைத்தது புரோக்கா செய்த பெரும் நன்மை. 2007இல் அதைக் காந்த அதிர்வுப் படமெடுத்துப் பார்த்தபோது, கேடு மேற்பரப்போடு நிற்காமல் ஆழத்தில் நரம்பிழைகள் ஓடும் வழிகள் வரை சென்றிருப்பது தெரிந்தது. சொல் ஓர் அறையில் குடியிருப்பதில்லை, வீதிகளிலும் குடியிருக்கிறது என்று கொள்ளலாம். 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற 26 வயது மருத்துவர் வேறொரு வகையைக் காட்டினார். இடப் பொட்டு மடலின் பின்பகுதி கெட்டவர்கள் தடையின்றி, ஏற்ற இறக்கத்தோடு பேசுவார்கள். பேச்சில் பொருள் இராது. பிறர் சொல்வதும் அவர்களுக்கு விளங்காது. புரோக்காவின் நோயாளியோ எல்லாம் விளங்கியவர், வாய் திறக்க இயலாதவர். வலக்கைப் பழக்கமுடையவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கும் மொழி இடப்பக்கத்தில்தான் தலைமை கொண்டிருக்கிறது. அங்கு குருதி கொண்டு செல்வது நடுப்பெருமூளைத் தமனி. அதன் கிளைகளில் எங்கு அடைப்பு என்பதைப் பொறுத்தே எந்தச் சொல் போகும், எது நிற்கும் என்பது.

அந்த வசைமொழி ஏன் நின்றது? நாமே தேடிக் கோத்துச் சொல்லும் சொல்லுக்கும், தானே வந்து விழும் சொல்லுக்கும் மூளையில் வழிகள் வேறு. திட்டு, வணக்கம், ஒன்று இரண்டு மூன்று, கிழமைகளின் வரிசை, சிறுவயதில் மனப்பாடம் செய்த செய்யுள் ஆகியவற்றில் மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பணுத் திரள்களுக்கும் வலப்பக்க மூளைக்கும் பெரும்பங்கு உண்டு. பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களை மட்டும் சொல் பிசகாமல் பாடியதை 1745இலேயே சுவீடனில் குறித்து வைத்திருக்கிறார்கள். பாட்டின் வழியே பேச்சை மீட்கும் பயிற்சிமுறை 1970களில் உருவாயிற்று.

இதே பிரெஞ்சு வசைமொழி ஒரு மாபெரும் கவிஞனின் வாயிலும் கடைசிச் சொல்லாய் மிஞ்சியதை நீங்கள் அறிவீர்களா? 1866 மார்ச்சில் பெல்ஜியத்தின் நமூர் நகரத் தேவாலயமொன்றில் போதலேர் தடுமாறி விழுந்தார். சில நாட்களில் வலப்புறம் செயலிழந்தது, பேச்சு போயிற்று. ‘கிரேநோம்’ என்ற அந்த வசைமொழியின் சுருக்கம் மட்டும் எஞ்சியது. பிரஸ்ஸல்ஸில் அவரைப் பேணிய கன்னிமார், கடவுளை நிந்திக்கிறான் என்று கலங்கிப்போனார்கள். மகிழ்ச்சிக்கும் அதுவே, எரிச்சலுக்கும் அதுவே, நன்றிக்கும் அதுவே என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? 1867 ஆகஸ்டில், 46 வயதில் அவர் மறைந்தார். பிரெஞ்சு மொழியின் சொல்வளத்தையெல்லாம் கைக்குள் வைத்திருந்த கவிஞனிடமும், எழுதாத தொழிலாளி லெபோர்ஞிடமும் தமனி ஒரே சொல்லை மிச்சம் வைத்தது.

நான் சொல்ல வந்த நிகழ்ச்சிக்கு இப்போது வருகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. இந்த அவையில் அவரை அறியாதவர் இல்லை. அவருடைய துணைவியாரிடம் அனுமதி பெற்றே பேசுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் மாதக் கூட்டத்தில், நமது மூத்த கவிஞர் தம் புதிய கவிதையை வாசித்தார். சிறுவயது வீட்டைப் பற்றிய கவிதை. கையெழுத்துப் படியில் ‘ஆழமான கிணறு’ என்று இருந்த இடத்தில் அவர் ‘ஆழமான கதவு’ என்று வாசித்தார். முன்வரிசையில் ஒருவர் ‘ஆகா!’ என்றார். இன்னொருவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. அடுத்த வரியில் மற்றொரு சொல் மாறியது, அதையும் ஏற்றுக்கொண்டோம். அதற்கடுத்து அவர் நீண்ட நேரம் நின்றார். உணர்ச்சிப் பெருக்கு என்று அவை அமைதி காத்தது. வலக்கையிலிருந்த தாள் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தோம், மீண்டும் விழுந்தது. களைப்பு என்றார்கள். காப்பி வாங்கி வந்து கொடுத்தோம். ஒரு மணி நேரம் பெஞ்சில் படுக்க வைத்து, வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். உறங்கினால் சரியாகிவிடும் என்று வீட்டிலும் எண்ணினார்கள். மருத்துவமனைக்குப் போனது விடிந்த பிறகு.

மூன்றாம் வரிசையில் இருந்து கைதட்டியவர்களில் நானும் ஒருவன். முப்பது ஆண்டுகள் அந்தத் தமனியைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன்.

பெரிய தமனி அடைபட்டால் சராசரியாக நிமிடத்திற்கு 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து பயன் தரும் என்பது 1995இல் உறுதியாயிற்று. தொடங்கிய மூன்று மணி நேரத்துக்குள் என்று இருந்த எல்லையை 2008ஆம் ஆண்டின் ஆய்வு நாலரை மணி நேரம் வரை நீட்டியது. பெரிய அடைப்பைக் கம்பி செலுத்தி எடுக்கும் முறை 2015க்குப் பின் நிலைபெற்று, தக்கவர்களுக்கு அதைவிடக் காலம் கடந்தும் பயன்படுகிறது. முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, உயர்த்திய கைகளில் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா அல்லது மாறுகிறதா? மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 108ஐ அழைக்க வேண்டும். மூளையைப் படமெடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். காப்பி கொடுக்கக் கூடாது. விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இவ்வளவும் நான் அறிந்தவை. கவிதை வாசிப்பில் மட்டும் இவற்றை நான் எதிர்பார்க்கவில்லை.

‘ஆழமான கதவு’ என்பதைப் பற்றி நம்மில் சிலர் இன்றும் பேசிக்கொள்வதை அறிவேன். மூளை கெட்ட கணத்தில்தான் உண்மையான படிமம் பிறந்தது என்றுகூட ஒரு நண்பர் சொன்னார். அவர் மனம் நோகக் கூடாது. ஆனால் இதற்கு விடை சொல்லித்தான் ஆக வேண்டும்.

மொழியியலறிஞர் ரோமன் யாகப்சன் 1956இல், பேச்சிழப்பு நோயைக் கொண்டு மொழியின் இரு அச்சுகளைக் காட்டினார். ஒன்று, ஒத்த சொற்களுள் ஒன்றைத் தேர்வது. மற்றது, தேர்ந்த சொற்களைத் தொடுப்பது. தேரும் திறன் கெட்டவர் ‘கத்தி’ என்ற தனிச்சொல்லைச் சொல்ல மாட்டார். பென்சில் சீவுவது, ஆப்பிள் தோல் உரிப்பது என்று அதன் சூழலால் சுட்டுவார். தொடுக்கும் திறன் கெட்டவருக்கோ வாக்கியம் உதிர்ந்துவிடும். நுண்ணோக்கியைத் தொலைநோக்கி என்பார், விளக்கை நெருப்பு என்பார். முன்னவரிடம் மிஞ்சியது நம் ஆகுபெயர். பின்னவரிடம் மிஞ்சியது உவமை. இந்தப் பாகுபாட்டை இன்றைய நரம்பியலார் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் கவிஞனின் கருவிகளும் நோயாளியின் ஊன்றுகோலும் ஒரே மரத்தில் செய்தவை என்று காட்டியதில் யாகப்சன் சொன்னது நிற்கிறது. வேறுபாடு ஒன்றுண்டு. கதவு என்று எழுதும் கவிஞனிடம் கிணறும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே மற்றதை எடுக்கிறான். அன்று நம் கவிஞரிடம் கிணறு இல்லை. அவர் அதைத் தேடி ஆழத்தில் கைவிட்டுத் துழாவியபோது அகப்பட்டது கதவு. நாம் கைதட்டியது அந்தத் துழாவலுக்கு.

வலப்பக்க மூளை கவிஞன், இடப்பக்க மூளை கணக்கன் என்ற பேச்சும் நம்மிடையே வழங்குகிறது. ரோஜர் ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்ற ஆய்விலிருந்து கிளைத்துப் பெருத்துப்போன கதை அது. குரலின் ஏற்ற இறக்கம், நகைச்சுவை, குறிப்புப் பொருள் ஆகியவற்றில் வலப்பக்கத்திற்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு வெண்பாவை இயற்ற இரண்டு பக்கமும் வேண்டும். ஓசையும் வேண்டும், தளை தட்டாமல் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

நம் கவிஞரைப் பற்றி எழுந்த இரண்டாவது பேச்சு இதைவிடக் கொடியது. ‘அவருக்கு இனி ஒன்றும் தெரியாது’ என்பது அது. முதல் மாதம் நாற்பது பேர் போய்ப் பார்த்தார்கள். ஆறாம் மாதம் மூவர். காது கேளாதவரிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசினோம். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினோம். அவர் எதிரிலேயே அவரைப் படர்க்கையில் வைத்துப் பேசினோம். அவர் லெபோர்ஞைப் போன்றவர். எல்லாம் விளங்குகிறது. தண்ணீர் என்று கேட்க வராது. ஆனால் துணைவியார் திருவாசகத்தின் முதற்சீரை எடுத்துக் கொடுத்தால் அடி முழுவதும் வரும். சொல்லைத் தானே கோத்துச் சொல்ல முயலும்போது வேற்றுமை உருபு வழுக்கும், வினையின் விகுதி மாறும். வழுக்குகிறது என்பது அவருக்குத் தெரியும், அதனால் வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனத்தைத்தான் நாம் அறியாமை என்று எழுதிவிட்டோம்.

சுவீடனின் கவிஞர் தோமஸ் டிரான்ஸ்ட்ரோமர் உளவியலாளராகப் பணியாற்றியவர். 1974இல் வெளியான ஒரு நெடுங்கவிதையில், மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டுப் பேச்சிழந்த பின்னும் இசை அமைத்துவந்த ஒருவரைப் பற்றி எழுதினார். ருஷ்ய இசையமைப்பாளர் ஷெபாலின் வாழ்வை அது நினைவூட்டும். ஷெபாலின் இருமுறை தாக்குண்டு பேச்சிழந்தும், 1962இல் தம் ஐந்தாம் சிம்பொனியை முடித்தவர். கவிதை வெளியாகிப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1990இல், டிரான்ஸ்ட்ரோமரையே அந்த நோய் தாக்கியது. வலக்கை போயிற்று, பேச்சு பெரும்பாலும் போயிற்று. இடக்கைக்கென எழுதப்பட்ட பியானோ இசையை வாசித்தார். 1996இல் ஒரு தொகுப்பு, 2004இல் ஹைக்கூக்கள் கொண்ட மற்றொரு தொகுப்பு வெளிவந்தன. 2011இல் நோபல் பரிசு. 2015இல் மறைந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் அவரோடிருந்த மனைவி மோனிக்கா அவருடைய ஓரிரு அசைகளிலிருந்து வாக்கியத்தை உணர்ந்து விருந்தினருக்குச் சொல்வார். விருந்தினரும் வந்துகொண்டிருந்தார்கள்.

நம் கவிஞர் வீட்டில் மாலை ஐந்து மணிக்குமேல் வாசல் திறந்தே இருக்கிறது. மெதுவாகப் பேசுங்கள், உரக்கப் பேச வேண்டாம். ஆம், இல்லை என்று விடை வரும்படி கேளுங்கள். அவர் சொல்லைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள். புதிய கவிதைகளை வாசித்துக் காட்டுங்கள். பிடிக்காவிட்டால் முகத்தில் தெரிந்துவிடும், முன்போலவே.

இந்த ஆண்டு மலருக்காக அவருடைய அந்தக் கவிதையைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. கிணறா, கதவா என்ற கேள்வி ஆசிரியர் குழுவில் எழுந்தது. கதவு என்றே அச்சிட வேண்டும் என்பாரும் இருந்தனர். கவிஞரையே கேட்டுவிடலாம் என்று நானும் குழுவினர் இருவரும் போனோம். இரண்டு சொற்களையும் இரண்டு தாள்களில் பெரிதாக எழுதி முன்னே வைத்தோம். இடக்கை விரலைக் கிணற்றின்மேல் வைத்தார். தற்செயலாக இருக்கலாம் என்று மறுவாரம் இன்னொருவர் போய், தாள்களை இடம் மாற்றி வைத்துக் கேட்டார். மீண்டும் கிணறு. கதவு என்ற கட்சியினர் மனம் ஆறாமல், அச்சுக்குப் போகும் முன் மூன்றாம் முறையும் கேட்டனர். அவர் கதவு என்று எழுதிய தாளை எடுத்துக் கசக்கி எறிந்தார். கூடவே, துணைவியார் தலையைக் குனிந்துகொள்ளும்படியான ஒரு நல்ல மதுரைச் சொல்லும் தெளிவாக வந்தது. மலரில் அது கிணறு என்றே அச்சாகியிருக்கிறது. பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.